கழிக்கரையில் மேட்டுப்பாத்தி

ஒரு மனுஷனின் மண்டையை நான் ஹெல்மெட்டால் உடைத்திருக்கிறேன். "அய்யோ, நீங்களா?" என்று வாயைப் பிளக்கிறவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆமாம், நானேதான். அந்தமானில் வேளாண்மைத் துறையின் கள ஊழியை, பிள்ளை பெற்றவள், குட்வில் எஸ்டேட்டில் குடியிருப்பவள், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். பட்டப்பகலில், ஊர்க் கூட்டத்துக்கு நடுவில், வெளிநாட்டுப் பேராசிரியை ஒருத்தியின் கண்ணெதிரே அடித்தேன். இன்றைக்கும் அந்த ஆளைக் கண்டால் எனக்குக் கை துறுதுறுக்கிறது.

எங்கள் வேலை, விவசாயியின் வயலுக்கே போய் விவசாயம் சொல்லிக்கொடுப்பது. விரிவாக்கப் பணி என்று அதற்குப் பெயர். நான் வேலைக்குச் சேர்ந்தபோது வண்டூர் வட்டாரத்துக்கென்று ஒரு கூட்டமே இருந்தது. ஓய்வு பெற்றவர்கள் போக, மெயின்லேண்டுக்கு மாற்றல் வாங்கிக் கப்பலேறியவர்கள் போக, கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக நான் ஒருத்திதான் மிஞ்சினேன். ஸ்கூட்டரின் முன்னால் விதைப் பொட்டலங்களை வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினேன். பீஜ் என்றால் இந்தியில் விதை. அதனால் ஜனங்கள் எனக்கு "பீஜ் மேடம்" என்று பெயர் வைத்தார்கள். பாதி விதை முளைக்காது. "பீஜ் மேடம் ஆ கயீ! கோழிக்குத் தீனி வந்தாச்சு டோய்!" என்று கத்துவார்கள். சிரித்துக்கொண்டே போவேன். வீட்டுக்கு வந்து பாத்திரத்தை நங்கென்று வைப்பேன்.

இப்படிச் செத்துக் கிடந்த பணியை எழுப்பி நிறுத்தப்போகிறோம் என்று ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் நம் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றும் கைகோத்துக்கொண்டு வந்தன. புதிய ஆட்கள், பயிற்சி, ஜீப் எல்லாம் வந்தது. கூடவே ஒரு பேராசிரியை வந்தார். நெட்டையான அம்மா. வெயில் பட்டால் இறால் மாதிரி சிவந்துவிடுவார். ஊரில் அவருக்கு "கோரி மேடம்" என்று பெயர், அதாவது வெள்ளைக்கார மேடம். அவர் எங்களுக்குப் போட்ட முதல் சட்டம், விவசாயியிடம் போய்ச் சொல்லாதே, கேள் என்பது. சொல்லிச் சொல்லித்தான் விரிவாக்கப் பணி செத்தது என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. சொல்வதற்கு என்னிடம்தான் என்ன இருந்தது, முளைக்காத விதையைத் தவிர?

அந்த அம்மா கொண்டுவந்த நல்ல காரியம் மேட்டுப்பாத்தி. சுனாமிக்குப் பிறகு வண்டூரில் உப்பங்கழியோரத்துத் தாழ்ந்த நிலத்தில் எல்லாம் கடல்தண்ணீர் ஏறி, உப்பாகிக் கிடந்தது. அந்த நிலத்தில் பள்ளம் பறித்து, அந்த மண்ணைக் கொண்டே பக்கத்தில் அகலமாக மேடு கட்ட வேண்டும். மழை பெய்து உப்பைக் கழுவும். பள்ளத்தில் மழைத்தண்ணீர் நிற்கும், மேட்டில் காய்கறி வரும். கழிப்பக்கம் ஒரு கரை போட்டுக் கடலை வெளியே நிறுத்திவிட்டால் போதும். ஆனால் செய்து காட்டுவதற்கு ஒரு இடம் வேண்டுமே? நல்ல நிலம் வைத்திருந்தவன் எவனும் மண்வெட்டியைத் தொடவிடவில்லை. ஒருத்திதான் வந்தாள்.

அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம். கச்சால் தீவு ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்து, வண்டூரில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் தென்னையிலிருந்து விழுந்து செத்துப்போனான். கருமாதி முடிந்த கையோடு கொழுந்தன், அதாவது புருஷனுடைய தம்பி, அவளுடைய பானை சட்டியை எடுத்து முற்றத்தில் வீசினான். ஏன் என்று கேட்டதற்குக் கன்னத்தில் விட்டான். அந்த வீட்டில் அடி என்பது சாப்பாடு மாதிரி, வேளா வேளைக்கு நடக்கும். அவனுடைய பெண்டாட்டியும் தினம் வாங்குகிறவள்தான். அந்தப் பெண் அக்காவுக்கு ஓரகத்தி. வீங்கின முகத்தோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள், வாயைத் திறக்கமாட்டாள்.

அக்கா கழியோரமாகப் போய்த் தகரத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டாள். அந்த இடம் எவன் பேரிலும் இல்லை. வண்டூரில் பாதிப் பேர் வயலை ஒட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டைப் பிடித்து வைத்திருப்பவர்கள்தான். அப்படிப் பிடித்த இடத்தை இந்தியில் கப்ஸா என்பார்கள். எது யாருடைய கப்ஸா என்று ஊருக்கே தெரியும். ஆனால் அதிகாரி முன்னால் வாயைத் திறந்து சொல்லக்கூடாது, அதுதான் ஊர் வழக்கம். "யாருது?" என்று கேட்டால் பெங்காலி, தெலுங்கு, தமிழ் எல்லோரும் ஒரே குரலில், "ஜங்கிள் ஹை சாப்", காடு சார் என்பார்கள். சொல்லிவிட்டால் இடம் போய்விடும் என்ற பயம். சொல்லாமல் இருந்தால் எவனும் எவனையும் கேட்கவும் முடியாது. அந்தப் பேசாமையால்தான் ஊரில் கத்திக்குத்து இல்லாமல் இருந்தது.

அக்கா மண்ணை வெட்டினாள் பாருங்கள், அதைப் பார்த்தாலே பயமாக இருக்கும். இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு, புருஷனையும் கொழுந்தனையும் மாமியாரையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வெட்டுவாள். "அந்தக் கட்டையில போறவன் தலையின்னு நெனச்சுக்கிட்டு வெட்டுறேன் மேடம். எவ்வளவு வெட்டுனாலும் கை நோவல" என்பாள். ஒரு மழைக்காலம் முழுக்க மழை அடித்துத் துவைத்தது. மழை விட்டபிறகு வெண்டையும் கத்திரியும் தட்டைப்பயறும் போட்டோம். முளைத்தன! நான் அந்தப் பாத்தியில் உட்கார்ந்து அழுதேன். சும்மா சொல்லவில்லை, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். ஜங்லிகாட் சந்தைக்கு அக்கா கொண்டுபோன வெண்டைக்காயைக் கடைக்காரர்கள் சண்டை போட்டு வாங்கினார்கள்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. உப்புச் சேறாகக் கிடந்தவரைக்கும் அந்த இடத்தில் ஒரு நாய்கூட ஒண்ணுக்குப் போகவில்லை. பச்சை தெரிந்ததும் கொழுந்தனுக்குக் கண் உறுத்தியது. தினம் கரைமேல் வந்து நின்றுகொண்டு, "எங்க அண்ணன் ஜாகா இது", அண்ணன் இடம் என்று முணுமுணுப்பான். ஒருநாள் கத்திரிச்செடிகளைப் பிடுங்கிக் கழியில் எறிந்தான். அக்கா மறுநாளே மறுபடி நட்டாள். அவனும் ஊர் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டவன் என்பதால் அதிகாரி முன்னால் என்னுடையது என்று சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பேராசிரியை ஒரு கூட்டம் போடச் சொன்னார். ஊர்க்காரர்களே கோலப்பொடியால் தரையில் தங்கள் ஊரின் படத்தை வரையவேண்டும். கழி எங்கே, சாலை எங்கே, வயல் எங்கே என்று காட்டவேண்டும். பிறகு அவரவர் வயலில் அவரவர் ஒரு இலையை வைக்கவேண்டும். எல்லா நாட்டிலும் இப்படித்தான் செய்கிறார்களாம். ஜீப்பில் போகும்போதே நான் தலைதலையாய் அடித்துக்கொண்டேன். "மேடம், கழி வரையச் சொல்லுங்கள், கோயில் வரையச் சொல்லுங்கள், கடல் வரையச் சொல்லுங்கள். யாருடையது என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் நான் மொழிபெயர்க்கமாட்டேன்" என்றேன். "மக்களே முடிவு செய்யட்டும்" என்று அவர் சிரித்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இந்த ஆண்டி விமானம் ஏறி வந்திருந்தார்.

பள்ளிக்கூட மைதானத்தில் படம் அழகாகத்தான் வந்தது. கழிக்கு நீலம், வயலுக்குப் பச்சை. பெண்கள் சிரித்துக்கொண்டே பொடி தூவினார்கள். அக்காவின் ஓரகத்திகூடப் பின்வரிசையில் உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழியோரமாக ஒரு துண்டு நிலம், அக்காவின் பாத்தி இருந்த இடம், வெறுமையாக இருந்தது. பேராசிரியை அதைக் காட்டி என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அந்த அம்மா ஜீப் டிரைவரிடம் கொஞ்சம் இந்தி கற்றுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. குனிந்து விரலை வைத்துத் தானே கேட்டுவிட்டார்.

"யே கிஸ்கா ஹை?"

இது யாருடையது! மைதானம் அப்படியே அடங்கியது. ஒரு பெங்காலிப் பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஜங்கிள் ஹை, ஜங்கிள்" என்றார். அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. அடுத்த இடத்துக்குப் போகலாம் என்று பேராசிரியையின் கையைப் பிடித்து இழுத்தேன். அப்போது அக்கா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவே வந்து, அந்த வெறும் இடத்தில் ஒரு வேப்பிலைக் கொத்தை வைத்தாள்.

"மேரா ஹை. என்னோடது. நா வெட்டுன மண்ணு" என்றாள்.

கொழுந்தன் எப்போது எழுந்தான், எப்போது வந்தான் என்று நான் பார்க்கவில்லை. பொடி பறந்ததைத்தான் பார்த்தேன். குனிந்திருந்தவளின் முகத்தில் செருப்புக்காலால் ஒரு உதை விட்டான். அவள் மல்லாந்து விழுந்தாள். "தேவடியா, யாரக் கேட்டுடி வெச்ச?" என்று முடியைப் பிடித்துத் தரையில் இழுத்தான். நீலமும் பச்சையும் ரத்தமும் கலந்து குழம்பின. ஒரு பல் தெறித்து என் காலடியில் வந்து விழுந்தது. ஊர் பூராவும் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. ஒருத்தராவது எழுந்திருக்கக் கூடாதா? என் கையில் ஹெல்மெட் இருந்தது. அடித்தேன். விழவில்லை. "மாட்டையாடா இழுக்கிற, நாயே!" என்று மறுபடி அடித்தேன். விழுந்தான். அதற்குமேலும் ஓங்கினேன், டிரைவர்தான் வந்து என்னைக் கட்டிப்பிடித்து நிறுத்தினான்.

அவன் மண்டையில் தையல், அக்காவுக்கு உதட்டில் தையல். ஸ்டேஷனில் சமாதானம் பேசி, "கர் கா மாம்லா ஹை", வீட்டு விவகாரம் என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு ஆபீஸில் மெமோ வந்தது. "விவசாயியை அடிக்கிறதுதான் உங்க புது விரிவாக்கப் பணியா?" என்று அதிகாரி கேட்டார். "அவன் விவசாயி இல்ல சார், விஷம்" என்றேன். வீட்டுக்காரர், "உனக்கு வாய்தான் நீளம்னு நெனச்சேன், கையும் நீளமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு டீ போட்டுத் தந்தார்.

அக்காவைத்தான் நான் விடவில்லை. "உனக்கென்ன பைத்தியமா அக்கா? ஊரே ஜங்கிள்னு சொல்லுது, நீ மட்டும் ஏன் போய் வைக்கிற?" என்று கத்தினேன். வீங்கின உதட்டோடு அவள் மெல்லச் சொன்னாள்.

"எங்க அப்பா சிலோன்ல பொறந்தாரு, ஒன் ஊரு இல்லைன்னாங்க. நா கச்சால்ல பொறந்தேன், தோட்டம் கவுருமெண்டுதுன்னாங்க. கட்டிக்கிட்டு வந்த வூடு கொழுந்தனுதுன்னான். இது யாருதுன்னு என்கிட்ட இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல மேடம். அந்தம்மா கேட்டாங்க. சொன்னேன்."

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறும் நாட்களில் ஒரு காலை. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். போன் வந்தது. "மேடம், கரைய வெட்டுறான் மேடம்!" அவ்வளவுதான், அக்கா போனை வைத்துவிட்டாள். அடுப்பை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை. ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு வண்டூருக்குப் போனேன். வழியெல்லாம் அவனுடைய ஏழு தலைமுறையையும் திட்டினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கரை இரண்டாகப் பிளந்து கிடந்தது. அந்தப் பிளவு வழியாகக் கடல் உறுமிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. மண் கட்டி கட்டியாக இடிந்து விழுந்தது. காய் பறிக்கத் தயாராக நின்ற வெண்டைச்செடிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்து உப்புத்தண்ணீரில் முழுகின. கொழுந்தன் பிளவின் ஓரத்தில் நின்று மண்வெட்டியால் இன்னும் வெட்டிக்கொண்டே இருந்தான். "ஜங்கிள்தானே? ஜங்கிள்தானே?" என்று ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தினான். கள் வாடை எனக்கே அடித்தது.

ஊரைக் கூப்பிடப் போயிருந்த அக்கா அப்போதுதான் கையில் ஒன்றுமில்லாமல் ஓடிவந்தாள். "அக்கா, வேண்டாம்!" என்று நான் கத்தினது அவள் காதில் விழவில்லை. பிளவுக்குள் இறங்கி நெஞ்சைக் கொடுத்து நின்றாள். இரண்டு கையாலும் சேற்றை அள்ளி அள்ளி அடைத்தாள். தண்ணீர் அவளைத் தள்ளியது, மறுபடி வந்து நின்றாள். அவன் மண்வெட்டியை ஓங்கினான். அவள் கையைத் தூக்கினாள். முழங்கைக்குக் கீழே பட்டது. அந்தச் சத்தம், தேங்காய் மட்டையில் வெட்டுவிழுகிற சத்தம், இன்னும் என் காதில் இருக்கிறது. அவள் அலறவில்லை. நான்தான் அலறினேன். கழித்தண்ணீர் அவளைச் சுற்றிச் சிவந்தது. அவள் இன்னொரு கையால் இன்னும் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தாள்.

அதற்குள் ஊர் ஓடிவந்துவிட்டது. மைதானத்தில் சும்மா உட்கார்ந்திருந்த அதே ஜனம் அவனைப் பிடித்துக் கரைமேல் போட்டு மிதித்தது. பெங்காலிப் பெரியவர்கூடத் துடுப்பால் ஒரு போடு போட்டார். அவன் முகம் மூஞ்சி தெரியாமல் அடித்தார்கள். தடுக்கவேண்டியது அரசாங்க ஊழியையாகிய என் கடமை. நான் தடுக்கவில்லை. அக்காவின் கையைப் புடவையால் கட்டிக்கொண்டே, இன்னும் நாலு போடுங்கள் என்றுதான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். போலீஸ் வந்து அவனை அள்ளிக்கொண்டு போனது.

போர்ட் பிளேர் பெரிய ஆஸ்பத்திரியில் அக்காவின் கையைக் காப்பாற்றிவிட்டார்கள். விரல்கள் மட்டும் மடங்காது என்றார்கள். வார்டில் நல்ல கூட்டம். போலீஸ் வந்து என்னிடம் வாக்குமூலம் எழுதிக்கொண்டு போனது. என் அதிகாரி வந்து உச்சுக்கொட்டினார். பேராசிரியை வந்தார். கட்டிலருகே மண்டியிட்டு அழுதார். அவருடைய பல்கலைக்கழகம் இனி வண்டூர் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டதாம். மேட்டுப்பாத்தி வேலையை அரசாங்கப் பண்ணைக்கு மாற்றுகிறார்களாம், அங்கே வேலியும் காவலாளும் உண்டாம். "உனக்கு நான் என்ன செய்யட்டும் என்று கேளுங்கள்" என்று என்னிடம் கெஞ்சினார். கேட்டேன்.

அக்கா மயக்கத்திலிருந்து கண்ணைத் திறந்து எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"கரைய அடைச்சாச்சா?" என்றாள்.

நான் அதிகாரியைப் பார்த்தேன். அதிகாரி பேராசிரியையைப் பார்த்தார். அவள் கை அறுந்து தொங்கியபடி நின்ற அந்தப் பிளவு வழியாக, அன்றிலிருந்து தினமும் இரண்டு வேளை கடல் உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. ஒருத்தராவது நினைத்தோமா? கேஸைப் பற்றிப் பேசினோம், பாதுகாப்பைப் பற்றிப் பேசினோம், திட்டத்தைப் பற்றிப் பேசினோம். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கட்டிலையே தூக்கி எறிந்திருப்பேன். "ஏறுங்க ஸ்கூட்டர்ல" என்றேன் பேராசிரியையிடம். தடையைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் ஏறி உட்கார்ந்தார்.

வண்டூரில் கடல் வற்றியிருந்தது. பிளவில் ஒருத்தி தொடைவரை சேற்றில் நின்றுகொண்டிருந்தாள். தென்னை மட்டைகளை ஊன்றி, சிமெண்ட் சாக்கில் மண் நிரப்பி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். பாதிக்குமேல் அடைத்துவிட்டாள். அக்காவின் ஓரகத்தி! ஒரு கண் முழுக்கக் கறுத்து மூடியிருந்தது. கரையை வெட்டப் போன புருஷனின் காலைப் பிடித்துத் தடுத்ததற்கு அன்றைக்கு வாங்கினது என்று பிறகு தெரிந்தது.

"நீயா?" என்றேன்.

"யாரு வருவா மேடம்? ரெண்டு நாளா தனியாத்தான் போட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள். மூச்சு வாங்கியது. "அவன் ஜாமீன்ல வந்தா என்னய வெட்டுவான். வெட்டட்டும். இப்பிடியும் சாவு அப்பிடியும் சாவுதான்."

நானும் பேராசிரியையும் சேற்றில் இறங்கினோம். கடல் திரும்புவதற்குள் அடைத்து முடித்தோம். கரையில் ஏறி உட்கார்ந்தபோது அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்காகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க மேடம். இதுல எனக்கும் ரெண்டு பாத்தி குடுக்குமான்னு."

அவளைப் பளாரென்று அறையவேண்டும்போல இருந்தது, கட்டிக்கொள்ளவேண்டும்போலவும் இருந்தது. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சொன்னேன். அக்காவின் முகம் கறுத்தது. "ரெண்டா? அவளுக்கா? அவ புருஷன் என் கைய எடுத்தான், இவளுக்குப் பாத்தி கேக்குதா? வெக்கங்கெட்ட முண்ட!" என்று கட்டு போட்ட கையைக் கட்டிலில் அடித்தாள். வலியில் பல்லைக் கடித்தாள். நர்ஸ் ஓடிவந்து திட்டினாள். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து நான் பையை எடுத்தேன்.

"ரெண்டுல்லாம் கெடையாது. ஒண்ணு தாரேன்" என்றாள் சுவரைப் பார்த்தபடியே. "அதுவும் கழியோரத்துப் பாத்தி. உப்பு கூட நிக்கிற எடம். வெட்டித் திங்கட்டும்னு சொல்லுங்க. என் எடம், நா சொல்றதுதான்."

ஒண்ணுதான் என்று போய்ச் சொன்னேன்.